மாமாவுக்கு நாலே வார்த்தை

மரக்காணத்தில் பிறந்த ஒரு பெண் ஆயுசுக்கும் எவ்வளவு வெட்கப்பட வேண்டுமோ, அவ்வளவையும் ஒரே மனிதர் எனக்கு முன்கூட்டியே கொடுத்து முடித்துவிட்டார். இனிமேல் நான் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்தாலும் சரி, பந்தியில் சாம்பாரைப் பட்டுப்புடவை மேல் கவிழ்த்துக்கொண்டாலும் சரி, துடைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பேன். கோட்டா தீர்ந்துவிட்டது.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும். ஊரில் யாருக்கும் தெரியாது. ‘சிவப்புப் பேனா’ என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஃப்ளெக்ஸ் பேனர் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் பக்கத்தில் எது நடந்தாலும் பேனர் இல்லாமல் நடக்காது. காலேஜ் முடித்து ஃபோட்டோஷாப் கற்றுக்கொண்டு அங்கே டிசைனராகச் சேர்ந்தேன். மாப்பிள்ளைகளைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, மாமனார்களின் வழுக்கையை மறைத்தால் சம்பளம் வந்துவிடும் என்று நம்பிப் போனேன். அப்பாவி.

அந்தக் கடையில் மெஷின் மேல், சாமி படத்துக்கு நேர் கீழே, ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. நல்ல இங்கிலீஷ் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் புத்தகம். பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலிலிருந்து பொறுக்கியது. அட்டை கிடையாது, முதல் சில பக்கங்களும் கிடையாது. எழுதியவர் யார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் உள்ளே இருந்த விதிகள் அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தேவையில்லாத வார்த்தையை வெட்டு. யார் செய்தது என்பதைச் சொல். அடைமொழியை நம்பாதே. இந்த விதிகளை மற்றவர்கள் படிப்பார்கள், மறப்பார்கள். இவர் அவற்றோடு குடும்பமே நடத்தினார்.

டீக்கடைக்குப் போனால் “டீ” என்பார். அவ்வளவுதான். “சக்கரை போடட்டுங்களா சார்?” என்று கேட்டால், “வேணாம்னா சொல்லியிருப்பேனே” என்பார். யாராவது வந்து “சும்மா இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு” என்று ஆரம்பித்தால், “வந்தீங்க. சரி. விஷயம்?” என்பார். வந்த ஆளின் முகம் சுண்டிப்போகும். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை இறக்கிக்கொள்வேன்.

ஒருநாள் குப்பத்திலிருந்து ஒரு அண்ணன் தன் மகள் காதுகுத்து பேனரைப் பார்க்க வந்தார்.

“இன்னா சார் இது? ஹார்ட்டி வார்ம் கிராண்ட் வெல்கம்னு எழுதிக் குடுத்தேன். வெறும் வெல்கம் மட்டும் நிக்குது?”

“வெல்கம்னு சொன்னாலே வந்துடுவாங்க. மீதி மூணும் எதுக்கு?”

“எதுக்கா? மச்சான் வூட்டுக்காரங்க வர்றாங்க சார்!”

“அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?”

“தெரியாது. அதனாலதான் நாலா போடச் சொல்றேன். தெரிஞ்சவங்களா இருந்தா ஒண்ணு போதுமே!”

எனக்கென்னவோ அந்த அண்ணன் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது. எங்கள் ஊரில் பேனரை யாரும் படிப்பதில்லை, அளப்பார்கள். யாருக்கு எத்தனை வரி, யார் ஃபோட்டோ எத்தனை பெரிது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி சந்தோஷப்படுவார்கள் அல்லது சண்டை போடுவார்கள். சிவப்புப் பேனாவுக்கு இது ஏறவே இல்லை. சுருக்கம்தான் மரியாதை என்று புத்தகம் சொல்லிவிட்டது. கடைசியில் கஸ்டமர் பிடிவாதம் பிடித்தால் கேட்டபடியே அடித்துக் கொடுப்பார். ஆனால் ஓரத்தில் பிரிண்டர் பெயர் போடுவார்களே, அதை எடுத்துவிடச் சொல்வார். “நம்ம கடை பேரு இதுல வேணாம்மா. வெளிய தலை காட்ட முடியாது.”

ஒரு உப்பள முதலாளி போர்டு ஒன்று கேட்டார். உப்பளத்துக்குள் கண்டவர்களும் நுழைகிறார்கள், ‘அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்’ என்று இங்கிலீஷில் வேண்டும். சிவப்புப் பேனா பேனாவை மூடினார்.

“யார் தண்டிப்பாங்க?”

“யாருன்னா? போலீஸு, கவர்மென்ட்டு, யாரோ ஒருத்தர்.”

“யாரோ ஒருத்தருக்கு எவன் சார் பயப்படுவான்? செய்யிற ஆளு யாருன்னு சொல்லணும்.”

மறுநாள் உப்பளத்து வாசலில் போர்டு ஏறியது: ‘டோன்ட் என்டர். ஐ வில் கேட்ச் யூ.’ உள்ளே வராதே, நான் உன்னைப் பிடிப்பேன். அங்கே இருந்த ஒரே ஆள் வாட்ச்மேன் தாத்தா. உப்புக் காற்றில் காய்ந்து கருவாடாகிப்போனவர். பாண்டிச்சேரிக்குக் காரில் போகிறவர்களெல்லாம் நின்று, “தாத்தா, நீங்கதான் அந்த ‘ஐ’யா?” என்று அவரோடு செல்ஃபி எடுக்க ஆரம்பித்தார்கள். அதுவரை நுழையாதவர்களும் உள்ளே நுழைந்தார்கள். தாத்தா நொண்டிக்கொண்டே கடைக்கு வந்துவிட்டார். “என்னை ஏன் சார் இதுல மாட்டி வுட்டீங்க? நான் யாரையும் பிடிக்க மாட்டேன் சார். எனக்கு மூட்டு வலி.” அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியது நான்தான்.

கடைக்குள் நடப்பதோடு போயிருந்தால் தேவலை. ஊரில் கட்டியிருக்கும் பேனர்களையும் விடமாட்டார். விடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏணியைப் பிடிக்க நான். பால் வாங்க வருகிறவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்க, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு ரசிகர் மன்றத்து பேனரில் தங்கள் தலைவரை ‘அப்கமிங் ஃபியூச்சர் லீடர்’ என்று போட்டிருந்தார்கள். “ஃபியூச்சர்னாலே வரப்போறதுதானே? அப்புறம் எதுக்கு அப்கமிங்?” என்று மேலேயிருந்து என்னைக் கேட்டார். “சார், இறங்குங்க சார், கையெடுத்துக் கும்பிடறேன்” என்றேன். பெரிய சிவப்பு மார்க்கரால் கோடு போட்டார். கோடு கொஞ்சம் நீண்டு தலைவர் கழுத்தில் போய் நின்றது.

பத்து மணிக்கு மன்றமே கடை வாசலில் நின்றது. “எங்க தலைவர் கழுத்துல கோடு போட்டது எவன்டா?” நான் ஃப்ளெக்ஸ் ரோலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சிவப்புப் பேனா வெளியே போய், பதற்றமே இல்லாமல், “தலைவரை ஒண்ணும் சொல்லலைப்பா. உங்க இங்கிலீஷைத்தான் சொன்னேன்” என்றார். அதற்கு அவர்கள் அடித்தே இருக்கலாம். சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தெருவில் என்னைப் பார்த்தால், “அக்கா, சாருக்கு ஏணி பிடிக்கப் போறியா?” என்பார்கள். சாகலாம் போல இருக்கும்.

அவருக்குக் கல்யாணம் ஆகாத கதையும் இதே கதைதான். டீக்கடைக்காரர் சொன்னார். ஒருமுறை பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா பயோடேட்டாவை நீட்டியிருக்கிறார். இவர் ஜேபியிலிருந்து பேனாவை எடுத்து, ‘ஹோம்லி’, ‘வெல் மேனர்டு’, ‘காட் ஃபியரிங்’ மூன்றையும் அடித்துவிட்டு, “பொண்ணு நல்லா இருக்காங்க. பயோடேட்டாதான் கொஞ்சம் நீளம்” என்று திருப்பிக் கொடுத்தாராம். அதற்கப்புறம் புரோக்கர்கள் அந்தத் தெருவுக்கே வருவதில்லை.

இப்படிப்பட்ட மனிதர் கையில் என் கல்யாண பேனர் போனது.

எனக்கு அப்பா கிடையாது. உப்பளத்தில் மூட்டை தூக்கியவர், நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மாவின் தம்பி, கிளியனூர் மாமாதான் எங்களுக்கு எல்லாம். அறுப்பு முடிந்தால் நெல்லோடு வருவார். எனக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு பஸ் மாறி வருவார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி ஏறியதும் பெண்ணின் நெற்றியில் தங்கத் தகடாலான முதல் பட்டத்தைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். எனக்கு அவர் மாமன் மட்டுமில்லை. மணமேடையில் அப்பா நிற்க வேண்டிய இடத்திலும் அவர்தான் நிற்க வேண்டும்.

மாப்பிள்ளை வீடு பாண்டிச்சேரி. அவர்கள் பேனர் இங்கிலீஷில் இருக்குமாம். “நம்மளுதும் இங்கிலீஷ்லதான் இருக்கணும், ஆமா” என்று அம்மா சொல்லிவிட்டாள். மாமா கடைக்கே வந்தார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எனக்கு நிச்சயம் ஆன நாளிலிருந்து, ரோட்டோரம் இருக்கிற பேனர்களையெல்லாம் காட்டி, “இதுல இன்னா போட்டிருக்குது, படிச்சுச் சொல்லுப்பா” என்று போகிறவர் வருகிறவரைக் கேட்டு, பிடித்த வார்த்தைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு ஒப்பிப்பது மாதிரி சொன்னார்.

“எழுதிக்க பாப்பா. மோஸ்ட் கிரேட்டஸ்ட். கோல்டன் ஹார்ட். லயன் ஆஃப் கிளியனூர். எவர் ஸ்மைலிங். அன்பீட்டபிள் கிங். பவர்ஃபுல் பர்சனாலிட்டி. அப்புறம் மாமா. மாமான்றதை மட்டும் பெருசா போடு.”

‘மோஸ்ட் கிரேட்டஸ்ட்’ என்றதும் சிவப்புப் பேனாவின் கை ஜேபிக்குப் போனதைப் பார்த்தேன். கண்ணாலேயே கெஞ்சினேன். கை கீழே இறங்கியது. எல்லாவற்றையும் டைப் செய்து வைத்துவிட்டு, லீவில் போகும்போது சொன்னேன். “சார், இதுல மட்டும் கை வெக்காதீங்க. என் கல்யாணம் சார்.”

“ம்” என்றார். அது சரி என்ற ‘ம்’ இல்லை, கேட்டுக்கொண்டேன் என்கிற ‘ம்’ என்பது எனக்கு உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மண்டபத்தில் எனக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு பேனர் எதிரும் புதிருமாக ஏறியிருந்தன. மாப்பிள்ளை வீட்டு பேனரில் அவர் பெரியப்பாவுக்கு மட்டும் ஆறு வரி. எங்கள் பேனரில் என் ஃபோட்டோ, மாமா ஃபோட்டோ, சுற்றிலும் வெள்ளை வெளேரென்று காலி இடம். அடியில் ஒரே ஒரு வரி: ‘ஹெர் அங்கிள் பிரிங்ஸ் ஹெர்.’

மாமா சீர்வரிசைத் தட்டுகளோடு டெம்போவில் வந்து இறங்கினார். பேனரைப் பார்த்தார். எதிர் பேனரைப் பார்த்தார். விரல் விட்டு வரியை எண்ணினார். மாப்பிள்ளை வீட்டுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “இன்னா போட்டிருக்குது தம்பி?” என்று கேட்டிருக்கிறார்.

“அவளை அவங்க மாமா கூட்டிட்டு வர்றாருன்னு போட்டிருக்குதுங்க.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாங்க. நாலே வார்த்தை.”

“கூட்டிட்டு வர்றதுக்கு நான் இன்னா ஆட்டோக்காரனா?” என்று கத்தியவர், தட்டுகளை இறக்கவே விடவில்லை. டெம்போவைத் திருப்பச் சொல்லி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். கிளியனூருக்கே திரும்பப் போகிறாராம். பட்டத்தை எவன் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டுமாம்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். நானும் ஓடினேன். முகமெல்லாம் மஞ்சள், தலையில் ஒரு துண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையை அந்தக் கோலத்தில் ஒரு கல்யாணப் பெண் கடந்தால் என்ன ஆகும்? நாலு உப்பு லாரி வரிசையாக நின்று ஹாரன் அடித்தது. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் மண்டப வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

யாரோ சொல்லி, சிவப்புப் பேனாவும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம்.

“சார், கோவப்படாதீங்க. ஒரு வாரம் யோசிச்சு எழுதின வரி அது. நான் எழுதினதுலயே நல்ல வரி. உங்களைப் பத்தி அதிகமா சொல்லத் தேவையில்லை.”

“பார்த்தியாக்கா? என்னைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லையாம்!”

“அப்படிச் சொல்லலைங்க. சுருக்கமா சொன்னாத்தான் மரியாதை.”

“அப்போ எதிர்ல ஆறு வரி போட்டிருக்கானுங்களே, அவரை அசிங்கப்படுத்தவா போட்டிருக்கானுங்க?”

சிவப்புப் பேனா எதிர் பேனரைத் திரும்பிப் பார்த்தார். இதற்கான விதி புத்தகத்தில் இருந்திருக்காது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். “ஏன் சார், அப்பன் இல்லாத பொண்ணு சார். மாமனும் இல்லாம மணையில உக்கார வெக்கவா? உங்களுக்கு நாங்க இன்னா பாவம் பண்ணோம்?”

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மஞ்சளும் கண்ணீரும் வழிந்து என் முகம் எப்படி இருந்ததோ, தெரியாது. காது வரை சிவந்துபோய், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இந்த மனுஷன் கடையில் போய் வேலைக்குச் சேர்ந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மன்றத்துப் பையன்கள் ஒரு பெரிய ரோலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே ஸ்கூட்டரில் சிவப்புப் பேனா. மண்டப வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் இழுத்துக் கட்டினார்கள். டீக்கடையிலிருந்தே தெரிந்தது. மாமாவின் ஃபோட்டோ ஆளுயரத்துக்கு. பக்கத்தில் வரி வரியாக, தங்க நிற எழுத்தில், அத்தனையும் இருந்தது. மோஸ்ட் கிரேட்டஸ்ட், கோல்டன் ஹார்ட், லயன் ஆஃப் கிளியனூர், ஒன்றுவிடாமல். நான் அடித்து வைத்த ஃபைலை அவர் அன்றைக்கே அழித்திருப்பார். வெட்டியதை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒரு தரம் காதில் விழுந்ததை வைத்து, ஒற்றை விரலால் உட்கார்ந்து அடித்திருக்கிறார். ஓரத்தில் பார்த்தேன். கடை பெயர் இருந்தது. வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெதுவாக ரோட்டைத் தாண்டி வந்தார். வரியை எண்ணினார். எதிர் பேனரைவிட அதிகம். மீசை லேசாக ஏறியது.

“படிங்க சார். மைக்குல படிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

சிவப்புப் பேனா மைக்கை வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு தரம்கூட வாயில் வராத வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்து, மாமாவுக்காகத் தமிழிலும் சொன்னார். முதல் வரியிலேயே மாப்பிள்ளையின் நண்பர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். “கிரேட்டஸ்டுக்கு முன்னாடி எதுக்குண்ணே மோஸ்ட்டு?” என்று ஒருவன் சத்தமாகவே கேட்டான். மன்றத்துப் பையன்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “செவப்பு பேனாவே தப்பு வுட்டாருடோய்!” மண்டபமே சிரித்தது.

மாமாவின் முகம் மாறியது. “இன்னா சார் சிரிக்கிறாங்க? நான் சொன்னதுல எதுனா தப்பா?”

போச்சு என்று நினைத்தேன். ‘ஆமாம், நீங்கள் சொன்னதுதான்’ என்று இந்த மனிதர் சொல்லிவிடுவார். உண்மை அது. யார் செய்தது என்பதைச் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் புத்தகத்து விதி.

“நீங்க சொன்னது சரிதாங்க” என்றார் மைக்கிலேயே. “நான்தான் அடிக்கும்போது தப்பு வுட்டுட்டேன்.”

மறுபடியும் சிரிப்பு. மாமா தாராளமாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். “பரவால்ல சார். மனுஷன்னா தப்பு வரும். அடுத்தவாட்டி பார்த்துச் செய்யுங்க.”

“செய்யறேங்க” என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பேனருக்கு அடியில் நின்றார். ஊரெல்லாம் திருத்தியவரை ஊரே பார்த்துச் சிரித்தது. அவரால் எத்தனையோ தடவை நான் தலைகுனிந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்காக அவர் குனிந்து நின்றதைப் பார்க்க முடியாமல், மஞ்சள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மறுநாள் காலையில் மாமாதான் முதல் பட்டம் கட்டினார்.

அந்த பேனரை அவர் கிளியனூருக்கு எடுத்துப் போய், ரோட்டைப் பார்த்தாற்போல வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். பொங்கலுக்கு நாங்கள் போகும்போது சிவப்புப் பேனாவையும் கட்டாயம் அழைத்து வரச் சொல்வார். சிவப்புப் பேனா பேனருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஜேபியில் பேனா இருக்கும். சாப்பாடு முடிந்து, அக்கம்பக்கத்தில் யாராவது புதிதாக வந்தால், மாமா விடமாட்டார். “சார், அதை ஒருவாட்டி படிச்சுக் காட்டுங்க.”

வெயிலும் மழையும் பட்டு பேனரில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. சிவப்புப் பேனா எழுந்து நின்று, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘மோஸ்ட் கிரேட்டஸ்ட்’ என்று ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் படிக்கிறார்.